எதற்குப் பக்கம்?

இடமாற்றக் கடிதத்தில் என்னை உறுத்தியது இடத்தின் பெயர் அல்ல. கொழும்புக் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாற்றினால் யாருக்குத்தான் கசக்கும்? வீட்டிலிருந்து நடந்தே போகலாம். காலையில் காலி வீதி பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்கத் தேவையில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாகச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். உறுத்தியது இரண்டாவது பந்தியில் கிடந்த ஒரு சொல். இது ஒரு 'லேட்டரல்' (பக்கவாட்டு) இடமாற்றம், உங்கள் தரத்திலோ சம்பளத்திலோ மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மாற்றம் இல்லை என்பதைச் சொல்ல அந்த இரண்டாவது பாதியே போதும். அப்படியிருக்க முதலில் எதற்கு லேட்டரல்?

நான் வேலை செய்வது ஒரு வங்கியில். பெயர் வேண்டாம். தலைமை அலுவலகத்தில் கடன் இடர் பிரிவில் பல வருடம் இருந்தேன். எனக்கு மேலே ஒரு பதவி காலியானது. அதற்கு வேறொருவர் வந்தார், நான் வெள்ளவத்தைக் கிளைக்குப் போனேன். "உங்களுக்கு நல்ல தமிழ் தெரியும், அந்தக் கிளைக்கு அப்படி ஓர் ஆள் தேவை" என்றார் மனேஜர். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார், முகத்தில் கள்ளம் இல்லை. எங்கள் பிரிவில் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி தேத்தண்ணி நேரத்தில் வந்து, "லேட்டரல் எண்டால் கீழ இறக்கேல்லைத்தானே அக்கா, பிறகென்ன?" என்று ஆறுதல் சொன்னாள். இறக்கவில்லைதான். ஏற்றவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு முந்தைய வருடம் எங்கள் மனிதவளப் பிரிவு ஒரு ஹோட்டலில் பயிற்சிப் பட்டறை வைத்தது. தலைப்பு, 'லேட்டரல் திங்கிங்'. மால்டாவில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் டி போனோ 1967இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்றொடர் அது. ஒரே கிணற்றை இன்னும் ஆழமாகத் தோண்டாமல் வேறோர் இடத்தில் தோண்டிப் பார் என்பது அவருடைய கருத்து. பெரிய வெள்ளைத்தாளில் வட்டம் போட்டோம், அம்பு போட்டோம், பபே சாப்பிட்டோம். பக்கவாட்டில் யோசிப்பவர் கெட்டிக்காரர் என்று அன்றைக்கு எங்களுக்குச் சான்றிதழ் தந்த அதே கைதான் என் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தது. யோசனை பக்கவாட்டில் போனால் புத்திசாலித்தனம், ஆள் போனால் ஆறுதல் பரிசு. இது எப்படி என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. வயது ஏற ஏற, கோபம் வந்தால் எனக்கு அகராதி தேடும் பழக்கம் வந்திருக்கிறது. சத்தம் போடுவதைவிடச் செலவு குறைவு.

விலாவிலிருந்து புறப்பட்ட சொல்

லேட்டரலின் வேர் லத்தீன். 'லட்டுஸ்' என்றால் பக்கம், உடம்பின் விலாப்புறம். வேற்றுமை உருபு ஏறும்போது அது 'லட்டெரிஸ்' ஆகிறது. அந்த 'லட்டெர்'தான் லேட்டரலுக்குள் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பிரெஞ்சு வழியாகவும் லத்தீனிலிருந்து நேரடியாகவும் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, அது பிறந்த இடம் நிர்வாகக் கோப்பு அல்ல, இரண்டு கைக்கும் கீழே இருக்கிற விலா. பக்கத்தில் நிற்பவர், பக்கத்தில் படுப்பவர், போரில் பக்கத்தில் வருபவர் எல்லோரையும் குறிக்க ரோமர்களுக்கு இந்தச் சொல் வேண்டியிருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதிலிருந்து ஒரு பதவிப் பெயரே உண்டு, 'லெகாட்டுஸ் ஆ லாட்டெரே'. பாப்பரசரின் விலாப்பக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட தூதர் என்று பொருள். பாப்பரசர் அனுப்பும் தூதர்களில் ஆக உயர்ந்த நிலை அது. போகிற நாட்டில் அவருடைய அதிகாரத்தைக் கையில் கொண்டு போகிறவர். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் வலக்கையாக இருந்த கர்தினால் வூல்சி 1518இல் இந்தப் பதவியைப் பெற்றார். பக்கத்தில் இருப்பது என்பது ஒரு காலத்தில் ஏறக்கூடிய உச்சமாக இருந்திருக்கிறது. இதைப் படித்ததும் மனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அனுப்பவில்லை, அவர் நல்ல மனிதர்.

லட்டுஸில் இன்னொரு சங்கதி உண்டு. தமிழ் படித்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். லத்தீனில் லகரத்துக்குப் பின்னால் வரும் அகரம் குறிலானால் 'பக்கம்', நெடிலாகி 'லாட்டுஸ்' என்று வந்தால் 'அகலமான'. எழுத்தில் இரண்டும் ஒன்றே. படம், பாடம் மாதிரி எழுத்திலேயே பிரித்துக் காட்டும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. லாட்டிடியூட் என்ற சொல் வந்தது அந்த நெடிலிலிருந்து. அதனால்தான் பள்ளிப் புவியியலில் நமக்கு அது அகலக்கோடு. வரைபடத்தில் அந்தக் கோடு இடம் வலமாக ஓடுவதைப் பார்த்து லேட்டரலும் லாட்டிடியூடும் ஒரு தாய் மக்கள் என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இரண்டுக்கும் உறவே கிடையாது.

ஆனால் கொலேட்டரல் சொந்தக்காரன்தான். அது ஆங்கிலத்துக்கு இன்னும் முன்னதாக, 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. முன்னால் இருக்கும் 'கொல்' என்பது 'உடன்'. உடன்பக்கம், பக்கத்தோடு பக்கம். கடன் வாங்குபவர் திருப்பித் தருவேன் என்று கொடுக்கும் வாக்குத்தான் முதலாவது. அந்த வாக்குக்குப் பக்கத்தில் துணையாக வைக்கப்படும் காணியோ நகையோ கொலேட்டரல். தலைமை அலுவலகத்தில் நான் அதைப் பார்த்ததெல்லாம் தாளில்தான். மதிப்பீட்டு அறிக்கை, உறுதிப் பத்திரம், சதவீதம், அவ்வளவும் தாள். வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அது என் மேசைக்கே வந்தது.

எங்கள் கிளையில் அடகுப் பிரிவு பின்பக்கமாக, கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கிறது. கொடியையோ காப்பையோ வாங்கி உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் அமிலம் ஒரு சொட்டு விடுவார்கள். கோடு நின்றால் பொன், கரைந்தால் பித்தளை. நின்ற கோட்டின் நிறத்தைப் பார்த்து 22 கரட்டா அதற்குக் கீழா என்று சொல்லிவிடுகிற பழகிய கண் ஒன்று எங்கள் கிளையில் இருக்கிறது. அதன் பிறகுதான் தராசு. எட்டுக் கிராம் ஒரு பவுண். சேலை மடிப்புக்குள்ளிருந்து சின்னத் துணிமுடிச்சை எடுத்து அவிழ்க்கும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. "மீட்கத்தானே போறன் பிள்ளை, பத்திரமா வையுங்கோ" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். அந்த வாக்குத்தான் முதலாவது என்று அகராதி சொல்கிறது. எங்கள் கணினியில் வாக்கைப் பதிய இடம் இல்லை, எடையைப் பதிய இருக்கிறது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைக்கிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த மாதங்களில் செய்தியைத் திறந்தால் 'பைலேட்டரல்', 'மல்டிலேட்டரல்' என்றே காதில் விழும். தமிழ்ச் செய்தியில் இருதரப்பு, பலதரப்பு. எல்லாம் இதே லட்டுஸின் பேரப்பிள்ளைகள். நாடு எந்தத் தரப்புக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள், இங்கே நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் சனம் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும்.

ஒரு ஸ்ட்ரோ

இத்தனையும் தேடியதால் மனம் ஆறியதா என்றால், இல்லை. ரோமர்கள் பக்கத்தை மதித்தார்கள் என்பதற்காக எங்கள் வங்கி மதிக்கப் போவதில்லை. இந்த உறுத்தலுக்கு ஒரு வடிவம் கிடைத்தது முற்றிலும் வேறோர் இடத்தில், என் தங்கச்சியின் மகனால்.

அவனுக்கு ஏழு வயது. 'ச' சரியாக வராது. வராது என்றால் மழலை மாதிரி நாக்கை வெளியே நீட்டித் 'த' ஆக்குவது இல்லை. வாய்க்குள் எச்சில் சேர்ந்ததுபோல ஒரு கசிவு. 'சனிக்கிழமை' என்றால் முதல் எழுத்து கன்னத்தின் ஓரத்தால் வழிந்து வெளியே வரும். வகுப்பில் பிள்ளைகள் பழித்துக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். தங்கச்சிக்குச் சனிக்கிழமையும் வேலை. அதனால் பேச்சுப் பயிற்சிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. முதல் நாள் அங்கே தந்த படிவத்தில் 'பிள்ளைக்கு என்ன உறவு' என்று ஒரு கோடு விட்டிருந்தது. ஆங்கிலச் சட்ட மொழியில் நான் அவனுக்கு 'கொலேட்டரல்' உறவு, நேர்க்கோட்டில் இல்லாமல் பக்கக் கிளையில் இருப்பவள். பெரியம்மா என்று எழுதினேன். தமிழ் கணக்குப் போட்ட விதத்தில் நானும் ஒரு அம்மாதான், கொஞ்சம் பெரிய அளவில்.

பயிற்சி கொடுப்பவர் கொழும்பிலேயே வளர்ந்த ஒரு முஸ்லிம் பெண். தமிழிலேயே செய்வார். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்கத் தங்கச்சி பட்ட பாடு தனிக்கதை. அவர் அவனைக் கதிரையில் இருத்திவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து சாதாரண ஸ்ட்ரோ ஒன்றை எடுத்தார். முன்பற்களுக்கு நேரே, நடுவில், தொட்டும் தொடாமலும் பிடித்தார். "இப்ப மகன் பாம்பு மாதிரி ஸ்ஸ்ஸ் சொல்லுங்க பாப்பம்." அவன் சொன்னான். ஸ்ட்ரோவில் சத்தமே இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் ஸ்ட்ரோவை மெல்ல மெல்ல உதட்டோரமாக நகர்த்தினார். வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு நேரே வந்ததும் ஸ்ட்ரோ திடீரென்று 'ஷ்ஷ்' என்று இரைந்தது. பையன் திடுக்கிட்டு, பிறகு சிரித்தான். திரும்பவும் செய்யச் சொன்னான். தன் மூச்சு எந்த வாசலால் போகிறது என்று அவன் அன்றைக்குத்தான் கேட்டான். நானும்தான்.

"இது லேட்டரல் லிஸ்ப்" என்றார் அவர். எனக்கு முதுகில் சுளீர் என்றது. இங்கேயும் வந்துவிட்டதே இந்தச் சொல்.

அவர் விளக்கியது இதுதான். 'ஸ்' சொல்லும்போது நாக்கின் இரண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பற்களோடு ஒட்டி அடைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் விழும், காற்று அந்தப் பள்ளத்தால் நேரே முன்னால் வர வேண்டும். இவனுக்கு நடு அடைபட்டு ஓரம் திறந்துகொள்கிறது. நாக்கை நீட்டிப் பேசுகிற மழலையைப் பல பிள்ளைகள் வளர வளரத் தாமே விட்டுவிடுவார்கள். இந்தப் பக்கக் கசிவு பெரும்பாலும் தானாகப் போகாது, பழக்கித்தான் எடுக்க வேண்டும். பழக்க அவர் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு சொல்லைக் கேட்டார். "நீங்க காற்று, வெற்றி எல்லாம் எப்படிச் சொல்லுவீங்க?" யாழ்ப்பாணத்து வாயில் அந்த ற்ற, பல்லுக்குச் சற்று மேலே நாக்குநுனி தட்டுகிற ஒலி. ஏறக்குறைய ஆங்கிலத்து 'ட்'. அதுவேதான் வேண்டும் என்றார். ற்ற் ற்ற் ற்ற் என்று வேகமாகத் தட்டவைத்து, கடைசித் தட்டலைப் பிடித்து இழுக்கச் சொன்னார். நாக்குநுனி சரியான மேட்டில் நின்றது, ஓரங்கள் அடைத்துக்கொண்டன, நடுவால் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' புறப்பட்டது. ஸ்ட்ரோ நடுவில் இருந்தது, கேட்டது. அம்மம்மாவிடமிருந்து வந்த உச்சரிப்பு ஒரு வைத்தியத்துக்கு உதவும் என்று யார் கண்டார்கள்?

பையன் வெளியே விளையாட்டுச் சாமான் பக்கம் போனதும், "ஓரத்தால காத்து போறது அவ்வளவு பெரிய பிழையா?" என்று கேட்டேன். கேள்வியில் கொஞ்சம் சொந்தக் கதையும் கலந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவர் சிரித்தார். "பிழை எண்டு சொல்லுறது நாங்கதான். 'ல' சொல்லிப் பாருங்க, காத்து எதால போகுது? ஓரத்தாலதானே? அத நாங்க திருத்துறதில்லையே. இந்தப் பிள்ளை வேல்ஸ்ல பிறந்திருந்தா இது ஒரு எழுத்து."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். வெல்ஷ் மொழியில் ஆங்கில 'எல்' இரண்டைச் சேர்த்து எழுதுவார்கள். அது இரட்டை ல அல்ல, தனி எழுத்து. நாக்கை 'ல' சொல்லும் நிலையில் வைத்து, குரல் கொடுக்காமல், ஓரத்தால் காற்றை ஊதினால் அந்த ஒலி. எங்கள் பையனின் சனிக்கிழமையில் வழிவது ஏறத்தாழ அதேதான். வேல்ஸில் எத்தனையோ ஊர்ப்பெயர் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. 'லொயிட்' என்ற பெயர்கூட அங்கிருந்து வந்ததே. வெல்ஷில் நரை, சாம்பல் நிறம் என்று பொருள். பக்கத்து நாட்டு ஆங்கிலேயருக்கு அந்த ஒலி வாயில் வரவில்லை. சிலர் அதை 'ல' என்று கேட்டு லொயிட் ஆக்கினார்கள், சிலர் 'ஃப்ல' என்று கேட்டு ஃப்ளொயிட் ஆக்கினார்கள். எங்கள் அப்பா ரேடியோவில் காதை வைத்துக் கேட்ட கிரிக்கெட் வீரர் கிளைவ் லொயிடின் பெயரும் லண்டன் காப்புறுதிக்காரர்களின் லொயிட்ஸும் அந்த ஓரக்காற்றை வெளியாள் தப்பாகக் கேட்டதில் வந்தவை. அங்கே ஒரு பிள்ளை இந்த ஒலியை நடுவால் விட்டால் அதைத்தான் பயிற்சிக்குக் கூட்டிப் போவார்கள்.

'ல'வைப் பற்றி அவர் சொன்னதும் சும்மா விடக்கூடியதல்ல. மொழியியலில் ல, ள இரண்டுக்கும் லேட்டரல் ஒலி என்றே பெயர். தொல்காப்பியம் பிறப்பியலில் இதைச் சொல்லும்போது 'நாவிளிம்பு வீங்கி' என்று தொடங்குகிறது. நாக்கின் விளிம்பு தடித்து, மேற்பல்லின் அடியைப் போய்ப் பொருந்தி, அந்த இடத்தில் அண்ணத்தை ஒற்றினால் லகாரம், வருடினால் ளகாரம். விளிம்பைக் கவனித்திருக்கிறார்களே! ஸ்ட்ரோ இல்லாமல், எக்ஸ்ரே இல்லாமல், வாய்க்குள் இருட்டில் கிடக்கிற ஓரத்தைப் பிடித்திருக்கிறார்கள். ழகாரத்துக்கு வரும்போது விளிம்பு என்ற பேச்சே இல்லை. 'நுனிநா அணரி அண்ணம் வருட' என்று அதை ரகாரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். இன்றைய ஒலியியலும் அதைத்தான் சொல்கிறது. 'ழ'வில் காற்று நடுவால் போகிறது, 'ள'வில் ஓரத்தால். அப்படியானால் இலங்கையில் நாங்கள் எத்தனை தலைமுறையாக வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்று சொல்லி, நடுவால் போக வேண்டிய மூச்சை ஓரத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறோம்! சென்னையிலிருந்து வருகிற உறவுகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப்பேருக்கும் வராது என்பது வேறு விஷயம்.

யார் நட்ட நடு

பக்கம் என்று சொல்வதற்கு முன்னால் யாரோ நடு எது என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். லேட்டரல் என்ற சொல் அந்த முடிவைக் காட்டாது, தனக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்ளும். ஏ.எல். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தேன், மருத்துவம் கிடைக்காமல் வங்கிக்கு வந்த பெரும்படையில் நானும் ஒருத்தி. அங்கே உடற்கூற்றியலில் இதை ஒளிக்காமல் முதல் பாடத்திலேயே சொல்லிவிடுவார்கள். உடம்பின் நடுவில் ஒரு கோடு. அதற்குக் கிட்ட இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும், உள்ளங்கை முன்னால் பார்க்க வேண்டும். அப்படி நின்றால் பெருவிரல் வெளியே போகிறது, அதனால் பெருவிரல் லேட்டரல், சுண்டுவிரல் மீடியல். நீங்கள் கையைத் திருப்பிக்கொண்டாலும், கட்டிக்கொண்டாலும் பெயர் மாறாது. யாருமே அப்படி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு தெருவில் நடப்பதில்லை. ஆனாலும் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு, எல்லோருக்கும் ஒரே அளவு. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

வங்கியின் நடுக்கோடு எங்கே ஓடுகிறது? கோட்டையில், கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் கண்டியையும் காலியையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே வாயில் 'அவுட்ஸ்டேஷன்' என்று சொல்லிவிடுவோம், அதுவும் இந்த வகைதான். ஏழெட்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற வெள்ளவத்தை அவுட்ஸ்டேஷன் அல்ல. ஆனால் அங்கே வருகிற வாடிக்கையாளர் கேள்வி கேட்பது தமிழில். அதனால் அது தலைமை அலுவலகத்தின் கண்ணில் வேறொரு வகையான தூரம். என் தமிழ் என்னை அங்கே அனுப்புவதற்கான காரணமாகக் கோப்பில் இருக்கிறது. என்னை மேலே அனுப்புவதற்கான காரணமாக அது எங்கேயும் இல்லை.

இது வங்கி கண்டுபிடித்த தந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். முதலாவது வரி, இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்று முடிந்துவிடுகிறது. 1987இல் 13ஆவது திருத்தம் கொண்டுவந்த இரண்டாவது வரி, தமிழும் ஓர் அரசகரும மொழி என்கிறது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956இலிருந்து பார்த்தால் அந்த 'உம்' வர எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதனால் அதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் வாக்கியம் கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் நடு போடப்பட்டாயிற்று, புள்ளியும் வைத்தாயிற்று. அதன் பிறகு பக்கத்தில் ஒரு கதிரை. தரத்தில் மாற்றமில்லை. இரண்டு மொழியையும் ஒரே வரியில் எழுதியிருந்தால் தாள் கிழிந்திருக்காது.

வெள்ளவத்தைக் கிளையைப் பற்றி எனக்குக் குறை இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். சொல்லப்போனால், கடன் இடர் என்றால் என்ன என்று எனக்கு உண்மையாகப் புரிந்ததே அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்தான். அடகுச் சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கிற நிபந்தனையை ஒரு கிழவிக்கு அவருடைய மொழியில் வாசித்துக் காட்டி, "அப்ப தை மாசத்துக்குள்ள வட்டியையாவது கட்டினால் ஏலத்துக்குப் போகாதோ?" என்று அவர் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும்போது, வங்கிக்கு ஒரு வழக்கும் ஒரு சண்டையும் மிச்சமாகிறது. இது இடர் முகாமைத்துவம் இல்லையென்றால் வேறு எது? மேல்மாடியில் இருந்து நான் எழுதிய எந்த அறிக்கையும் இந்த வேலையைச் செய்ததில்லை. அப்படி இருந்தும் அது அங்கே 'வாடிக்கையாளர் உதவி' என்ற தலைப்பில்தான் ஏறுகிறது. இடர் என்ற தலைப்பு கோட்டையோடு நின்றுவிட்டது.

பையன் இப்போது சொல்லின் தொடக்கத்தில் 'ச'வைப் பெரும்பாலும் நடுவால் விடுகிறான். சொல்லின் இடையில் வந்தால், அதுவும் அவசரத்தில், ஓரத்தால் போகிறது. வேல்ஸ் கதையை அவனுக்குச் சொல்லிவிட்டேன். பள்ளியில் பழித்துக் காட்டிய பிள்ளை ஒருவனிடம், "உனக்கு வெல்ஷ் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். தங்கச்சிக்கு என்மேல் கோபம்.

என்னுடைய வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தில் கல்வித் தகைமைக்கு ஒரு பெட்டி, கணினி அறிவுக்கு ஒரு பெட்டி, தலைமைத்துவப் பண்புக்கு மூன்று பெட்டி இருக்கின்றன. மொழிக்கு இல்லை. வாடிக்கையாளரோடு தமிழிலும் சிங்களத்திலும் வேலை செய்யக்கூடியவருக்கு மதிப்பெண் கொடுக்கும் ஒரு வரியைப் பதவி உயர்வுக்கான பகுதியில் சேர்க்க வேண்டும், இடமாற்றத்துக்கான பகுதியில் அல்ல என்று எழுதி மனிதவளப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். லத்தீனையும் கர்தினாலையும் அதில் சேர்க்கவில்லை. கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. மதிப்பீடு டிசம்பரில் நடக்கும், புதிய படிவம் அதற்கு முன்னால் சுற்றுக்கு வர வேண்டும்.